நிலத்தடி இருப்புப்பாதையும் ஏழையர் இல்லமும்

ஒரு பெருஞ்செயலின் சிறப்பை அளக்கப் புகுவோர் அதன் பயனையே முதற்கண் நோக்குவர். அப்பயன் யார்க்கு எய்தியது, அதற்கு விலை கொடுத்தோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. உலகில் முதன்முதல் நிலத்தினடியிற் புகைவண்டி செலுத்திய இலண்டன் மாநகரின் வரலாறு இவ்விரு வினாக்களையும் நம்முன் நிறுத்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இலண்டன் தெருக்கள் வண்டிகளாலும் மக்களாலும் நெருங்கிக் கிடந்தன. அந்நகராட்சியின் வழக்கறிஞராக விளங்கிய சார்லஸ் பியர்சன் என்பார், நிலத்தினடியே பாதை அமைத்து இருப்புப்பாதைகளை நகரின் நடுவிடத்தோடு இணைத்தல் வேண்டுமெனப் பல்லாண்டு வாதாடினார். அவர் உள்ளத்திருந்தது வணிகர் ஊதியம் மட்டுமன்று. காற்றும் ஒளியும் புகாத சந்துகளில் நெருங்கி வாழ்ந்த தொழிலாளர், புறநகரில் நல்ல மனைகளிற் குடியிருந்து, குறைந்த கட்டணத்தில் நாடோறும் வேலைக்கு வந்து மீளவேண்டும் என்பதே அவர் வேட்கை.

1860-இல் ஜான் பவுலர் என்னும் பொறியியலாரின் தலைமையிற் பணி தொடங்கியது. பெரும்பகுதியில் தெருவை மேலிருந்தே அகழ்ந்து, இருமருங்கும் சுவரெழுப்பி, செங்கல் வளைவால் மூடி, அதன்மேல் மீண்டும் தெருவை அமைத்தனர். 1862 ஜூன் திங்களில் பிளீட் என்னும் கழிவுநீர்க் கால்வாய் உடைந்து அகழிடத்துட் பாய்ந்தது. எனினும் பணி நின்றிலது. 1863 ஜனவரி 10-ஆம் நாள், பாடிங்டன் முதல் பாரிங்டன் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர்ப் பாதை மக்கட்குத் திறக்கப்பட்டது. அன்றொரு நாளில் மட்டும் 38,000 பேர் அதிற் சென்றனர். நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் அமைப்பு எஞ்சினில் இருந்தும், புகையும் கந்தக நாற்றமும் சுரங்கத்தை விட்டு அகன்றில. 1905-இல் மின்சார வண்டிகள் வந்த பின்னரே அத்துன்பம் நீங்கத் தொடங்கிற்று. பியர்சனோ 1862 செப்டம்பரிலேயே மறைந்தார். திறப்பு நாளைக் காணும் பேறு அவர்க்கு வாய்த்திலது.

இனி, வரலாற்று நூல்கள் விரைந்து கடந்து செல்லும் பகுதிக்கு வருவோம். பாரிங்டனை அடுத்த பிளீட் பள்ளத்தாக்கில் ஏழையரின் வீடுகள் பல, பாதைக்கென இடிக்கப்பட்டன. இழப்பீடு வீட்டுடையார்க்குச் சென்றது. வாரவாடகைக்கு இருந்தோர் மூட்டைகளைச் சுமந்து அண்டைத் தெருக்களிற் புகுந்து, முன்னினும் நெருங்கி வாழ்ந்தனர். எவர் நலங்கருதிப் பியர்சன் இப்பாதையை வேண்டினாரோ, அவருட் பலரே முதலில் வீடிழந்தனர்.

"சிலர் இழப்பினும் பலர் பயனுற்றனர், 1864-இலேயே விடியற்காலையில் தொழிலாளர்க்கெனக் குறைந்த கட்டண வண்டிகள் ஓடவில்லையா?" என்று வினவுவார் உளர். ஓடின, அந்நன்மையை யான் மறுத்திலேன். 1883-இல் மலிவுக் கட்டண வண்டிகளுக்கெனச் சட்டமும் பிறந்தது. ஆயினும் இழந்தோரும் பயனுற்றோரும் ஒருவரல்லர். கப்பற்றுறையிலும் சந்தையிலும் அன்றன்று வேலை தேடிய கூலியாளுக்கு, வேலை கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. வேலை கிடையாத நாளில் வண்டிக்கட்டணம் செலுத்த அவன் கையிற் பொருளேது? அவன் வேலையிடத்தின் அருகிலேயே வாழவேண்டியவன். அவனைப் பெயர்த்துவிட்டு, மற்றொருவன் ஏறிய வண்டியைக் காட்டி ஆறுதல் கூறுதல் நீதியாகாது.

பியர்சன் கருத்து ஈருறுப்புடையது: ஒன்று பாதை, மற்றொன்று வீடு. ஊதியந் தரும் உறுப்பாகிய பாதையை நிறுவனம் மேற்கொண்டது, வீட்டைக் கைவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் அதே மெட்ரோபாலிட்டன் நிறுவனத்தின் சார்பில் பாதையோரப் புறநகரிற் சோலை சூழ்ந்த மனைகள் எழுந்தன. ஆனால் அவை நடுத்தர வகுப்பார் விலைகொடுத்து வாங்குதற்கு உரியவை. பிளீட் பள்ளத்தாக்கினின்று பெயர்க்கப்பட்டோர்க்கு அவற்றாற் பயனில்லை.

ஆதலின் என் துணிபு இது: நகரின் அடியில் அகழ்வோர், அகழும் முன்னரே, பெயர்க்கப்படுவோர்க்கு அண்மையில் வீடமைத்துத் தருதல் வேண்டும். அதனைப் பின்னர்ச் செய்யும் அறமாகக் கருதாது, பாதையின் செலவிலேயே ஒரு பகுதியாகக் கணக்கிடல் வேண்டும். செங்கல்லுக்கும் இரும்பிற்கும் விலை குறிக்கும் கணக்கேட்டில், ஒரு குடும்பத்தின் அடுப்பங்கல்லுக்கு மட்டும் விலை குறியாது விடுதல் எங்ஙனம் பொருந்தும்? பியர்சன் கண்ட கனவில் ஓடியது பாதி. எஞ்சிய பாதி இன்னும் நிலத்தின் மேலேயே காத்துநிற்கின்றது.