பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட வீடு ஆகாதாம்

திருகோணமலையில் வாடகைக்கு வீடு தேடுகிறீர்களா? தரகரிலிருந்து மச்சான் வரை எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொல்வார்கள். "டவுனுக்குள்ள வேண்டாம். எல்லாம் பழைய கட்டடம், எப்ப விழுமோ தெரியாது. பஸ் ஸ்டாண்டுச் சத்தம் வேற. கொஞ்சம் தள்ளி அலஸ்தோட்டம், உப்புவெளிப் பக்கம் பாருங்கோ, குறைஞ்ச காசுக்குப் புது வீடே எடுக்கலாம்." இடமாற்றத்தில் வந்த ஆசிரியையும் கச்சேரிக்கு வந்த எழுதுவினைஞரும் இதைக் கேட்டு, பளபளக்கும் டைல்ஸைப் பார்த்து, முற்பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் புத்திமதியில் முக்கால்வாசி பிழை.

முதலில் காசு. வாடகை மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கையை விட்டுப் போகிறது. அதனால் அது வலிக்கும், நினைவில் நிற்கும். ஓட்டோவுக்குக் கொடுப்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. உட்துறைமுக வீதியில் கந்தோர், பிள்ளைக்கு ஸ்ரீ சண்முகாவிலோ சென் ஜோசப்பிலோ படிப்பு, பின்னேரம் டியூசன், இடையில் மார்க்கெட், ஆஸ்பத்திரி. ஒரே ஒரு மாதம் கொப்பியில் குறித்துப் பாருங்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு எங்கே போனது என்று தெரியும்.

மோட்டார் சைக்கிள் இருக்கிறதே என்பவர்களுக்கு 2022 அதற்குள் மறந்துவிட்டது. அந்த ஓகஸ்டில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை நாடு முழுவதும் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். டவுனுக்குள் குடியிருந்தவர்களுக்குக் கால் இருந்தது, நடந்தார்கள்.

அடுத்தது "பழசு" என்ற பயம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானம் இரண்டு மணிக்குப் பிரதான வீதியை ஒட்டிய பழைய ஓட்டு வீடு ஒன்றுக்குள் போய் நில்லுங்கள். முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர், எட்டாத உயரத்தில் கூரை, கதவுக்கு மேலே காற்றுப் போக மரச்சட்டம், வெயிலை வெளியிலேயே மறிக்கும் விறாந்தை. அதே நேரத்தில் புது வீட்டில் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழே மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றும். கொங்கிறீற் தட்டுப் போட்ட வீடென்றால் பகலில் குடித்த வெயிலை இரவு முழுக்கக் கக்கும். பிறகு ஏசி பூட்டுவார்கள். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், ஆறு மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய நாடு இது.

பழைய சுவர் எல்லாமே நல்ல சுவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சையும் 1964 டிசம்பர் சூறாவளியையும் பார்த்துவிட்டு நிற்கும் சுண்ணாம்புச் சுவர்களைக் கண்டு பயப்படுகிறவர்கள், பயப்பட வேண்டிய இடத்தைக் கவனிப்பதில்லை. அது நடுத்தர வயதுக் கொங்கிறீற் மாடி. உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பும். கம்பி உப்பும்போது சீமெந்து பிளக்கும். பல்கனிக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். செம்மண் நிறத்தில் கோடு இறங்கியிருந்தால், சீமெந்து பொருக்கு விட்டுக் கம்பி தெரிந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். புதுப் பெயின்ற் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பல பழைய கட்டடங்கள் சீரழிந்து கிடப்பதற்கு வயது மட்டும் காரணமில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டது, குடியிருப்பவரை எழுப்புவதையும் கடினமாக்கியது. வருமானம் தராத கட்டடத்துக்கு யார் ஓடு மாற்றுவார்? 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிடியைத் தளர்த்திய பிறகும் பழுது பார்க்காத பழக்கம் பலரிடம் தங்கிவிட்டது. அந்தக் குற்றத்தைச் சுவர் மேல் போடுவது நியாயமில்லை.

டவுன் வீட்டில் உண்மையான கண்ணி மீட்டர் பெட்டியில் இருக்கிறது. ஒரு கட்டடத்தை நாலாகப் பிரித்து நாலு குடும்பத்துக்குக் கொடுத்திருப்பார்கள். மின்சார மீட்டர் ஒன்றுதான். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதம் வேறு. ஆளுக்கு 50 யூனிட்டோடு சிக்கனமாக வாழும் நாலு குடும்பமும் சேர்ந்து மின்கட்டணக் கணக்கில் 200 யூனிட் எரிக்கும் ஒரே வீடாகத் தெரிவார்கள். சப் மீட்டர் பங்கு பிரிக்கும், வீதத்தைக் குறைக்காது. இதைக் கேட்காமல், ஜன்னல் எந்தத் திசையில் என்று வாஸ்து கேட்கிறோம்.

இன்னொன்று, எழுத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும். முத்திரை ஒட்டி இரண்டு பேர் கையெழுத்து வைத்த கடுதாசியை நம்பி ஒரு வருட முற்பணம் கொடுக்கிறவர்கள் புது வீட்டிலும் இருக்கிறார்கள், பழைய வீட்டிலும் இருக்கிறார்கள்.

கடைசியில் சபையில் இறக்கப்படும் துருப்பு: "பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற வீடு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சரிவராது." சத்தம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். விடிய முன்னமே ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடும், குப்பையைக் கிளற மான்களும் வரும். ஆனால் கண்டி பஸ்ஸில் இரவு எட்டு மணிக்கு வந்து இறங்கும் தாதியை எண்ணிப் பாருங்கள். டவுனுக்குள் வீடென்றால் கடை திறந்திருக்கும், லைற் எரியும், நாலு பேர் நடமாடும் வீதியில் ஐந்து நிமிட நடை. தள்ளி இருக்கும் புது வீடென்றால் முன்பின் தெரியாத ஓட்டோ, பிறகு தெருவிளக்கில்லாத ஒழுங்கை, நாய்கள். இவற்றில் எது பாதுகாப்பு என்று அந்தப் பெண்ணையே கேட்காமல், அவளுக்காக வீடு பார்க்கப் போகும் ஆண்கள்தான் இந்தக் கதையை இத்தனை காலமாகக் காவிக்கொண்டு திரிகிறார்கள்.