கை நழுவல, கணக்கு அப்படி

1/ நைட் ட்யூட்டி. ஸ்ரீரங்கத்துல இருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டூவீலர்ல வந்த குடும்பம், நின்னுட்டிருந்த லாரியில மோதிட்டாங்க. பின்னாடி அம்மா கையில இருந்த 3 வயசுக் குழந்தைக்குத் தலையில அடி. பிழைச்சுக்கிச்சு. அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது: "இறுக்கித்தான் டாக்டர் பிடிச்சிருந்தேன். எப்படி நழுவுச்சுன்னே தெரியல."

2/ அவங்க பொய் சொல்லல. பதில் நம்ம பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல இருக்கு. உந்தம் = நிறை × திசைவேகம். மார்க்குக்குப் படிச்சோம், பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டோம்.

3/ ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர் மெதுவாத்தான் நகரும். ஆனா அவ்வளவு எடை. அதை நிறுத்த சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடணும். எடை கம்மியா இருந்தாலும் வேகம் கூடினா உந்தம் கூடும். நிறுத்த ஒரு விசை வேணும்.

4/ குழந்தை 12 கிலோ. வண்டி 40 கி.மீ. வேகம். மோதி நிக்க 0.1 செகண்ட். அந்த நேரத்துல குழந்தையைப் பிடிச்சு நிறுத்த சுமார் 1,330 நியூட்டன் விசை வேணும். அதாவது 25 கிலோ அரிசி மூட்டை அஞ்சுக்கு மேல, ஒரே கையில. எந்த அம்மாவால முடியும்?

5/ "நான் மெதுவாத்தான் போவேன்"னு சொல்றவங்களுக்கு உந்த அழிவின்மை விதி. நீங்களும் வண்டியும் 200 கிலோ, எதிர்ல வர்ற பஸ் 10 டன். ரெண்டு பேரும் 40ல வந்து நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கிட்டா, பஸ்ஸோட வேகம் 40ல இருந்து 38 சொச்சமாகும். நீங்க அதே 38ல பின்னாடி தள்ளப்படுவீங்க. மொத்த உந்தம் மாறாது. உங்க பங்கு மட்டும் தலைகீழாயிடும்.

6/ ஹெல்மெட் உந்தத்தைக் குறைக்காது. உள்ள இருக்குற தெர்மாகோல் நசுங்கி, தலை நிக்குற நேரத்தைக் கூட்டும். நேரம் கூடினா விசை குறையும். அவ்வளவுதான் சூட்சுமம். பட்டை போடலைன்னா தலைக்கு முன்னாடி ஹெல்மெட் பறந்துடும்.

7/ 4 வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைக்கு, ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட், சின்ன ஹெல்மெட், வேகம் 40க்குள்ள. 2022ல வந்த மத்திய விதி இது. 2023 பிப்ரவரில இருந்து அமல். காவிரிப் பாலத்துல எத்தனை குழந்தைங்களுக்கு இது இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

8/ காதுகுத்துக்குச் செலவு பண்றோம், பிறந்தநாள் கேக் வாங்குறோம். சின்ன ஹெல்மெட் மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்". போலீஸ் நிக்குற சிக்னலுக்காகப் போடாதீங்க. போலீஸ் விட்டுடுவாங்க, இயற்பியல் விடாது.

9/ அந்த அம்மாகிட்ட நான் சொன்னது: "உங்க மேல தப்பு இல்லம்மா. கை செய்யற வேலை இல்ல அது." இதை இன்னொரு அம்மாகிட்ட நான் சொல்ல வேண்டி வரக்கூடாது.