வெள்ளை ஈக்கு வேலி தெரியாது: வடக்கின் தென்னைகளும் பூட்டிக்கிடக்கும் வளவுகளும்

2025 செப்டம்பர் 2ஆம் திகதி, உலக தெங்கு தினத்தன்று, முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்பில் 'வடக்கு தெங்கு முக்கோணம்' திட்டத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆரம்பித்துவைத்தார். குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களை இணைக்கும் பழைய தெங்கு முக்கோணத்துக்கு அடுத்ததாக, யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு மாவட்டங்களில் இரண்டாவது முக்கோணம் ஒன்றை உருவாக்குவதே இதன் நோக்கம். எறிகணைகள் தென்னைகளின் வட்டைக் கொய்துபோட்ட மண் அது. பதுங்குகுழிக்குக் குற்றி தேவைப்பட்டபோது, காய்த்துக்கொண்டிருந்த மரத்தையே தறித்த மக்கள் அங்கு வாழ்கிறார்கள். அந்த மண்ணில் மீண்டும் தென்னை நடப்படுவது வரவேற்கப்பட வேண்டியது.

ஆனால், நடப்படும் கன்றுக்காக வடக்கில் ஏற்கெனவே ஒரு பூச்சி காத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வளவும் தென்னையும் உள்ளவர்கள் கீழோலை ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம். பல இடங்களில் ஓலையின் அடிப்பக்கத்தில் மாவு தூவியது போன்ற வெள்ளைப் படலமும், மேற்பக்கத்தில் அடுப்புக்கரி பூசியது போன்ற கறுப்பும் தெரியும். தென்னைக்குக் கீழே நிற்கும் வாழை, கொய்யா இலைகளிலும் அதே பிசுபிசுப்பும் கறுப்பும் இருக்கும். இதுதான் வெள்ளை ஈயின் அடையாளம்.

பெயரில் ஈ இருந்தாலும் இது ஈ இனம் அல்ல. அழுக்கணவன், மாவுப்பூச்சி, மாம்பூவை உதிர்க்கும் தத்துப்பூச்சி, ஏன் மூட்டைப்பூச்சியும் கூடச் சேர்ந்த பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றுக்குக் கடிக்கும் பல் இல்லை. ஊசி போன்ற வாய்தான் உண்டு. வெள்ளை ஈயின் குஞ்சு ஓலையின் அடியில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, மரத்தின் சாற்றை உறிஞ்சியபடியே வளர்கிறது. அந்தச் சாற்றில் சீனி அதிகம், புரதச் சத்துக் குறைவு. தேவையான சத்தைப் பெற அது அளவுக்கு மீறி உறிஞ்ச வேண்டியிருக்கிறது. மிஞ்சும் சீனியைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. அந்தத் தேன் கீழே உள்ள இலைகளில் விழ, அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்கிறது. வெயில் படாத ஓலை உணவு தயாரிக்க முடியாது. மரம் உடனே சாவதில்லை. மெல்ல மெல்ல மெலிந்து காய்ப்பைக் குறைக்கிறது.

2024 இறுதியில் தேங்காய் ஒன்றின் விலை 200 ரூபாயைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வரட்சி, உரத் தட்டுப்பாடு, குரங்குத் தொல்லை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. வடக்கைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலில் வெள்ளை ஈயும் இருக்கிறது. வீட்டுக் கறிக்கும் எண்ணெய்க்கும் வளவுத் தேங்காயை நம்பியிருந்த குடும்பம் கடையில் தேங்காய் வாங்குவது, கணக்கில் வராத ஒரு வறுமை. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்களுக்கு ஐந்தாறு தென்னையின் காய் என்பது மாதச் செலவின் ஒரு பகுதி.

தெளிப்பான் ஏன் தோற்கிறது?

பூச்சி என்றதும் நாம் மருந்துக் கடைக்குத்தான் ஓடுகிறோம். ஆனால் இந்த விடயத்தில் மருந்து பெரும்பாலும் தோற்றுப்போகிறது. உயர்ந்த தென்னையின் உச்சிக்கு முதுகில் சுமக்கும் தெளிப்பானின் மருந்து எட்டாது. எட்டினாலும், ஓலைக்கு அடியில் மெழுகுப் படலத்துக்குள் இருக்கும் குஞ்சில் அது ஒட்டாது. ஒட்டினாலும், வெள்ளை ஈயோடு சேர்த்து அதைத் தின்னும் பூச்சிகளையும் கொன்றுவிடும். எதிரிகள் இல்லாத வளவில் வெள்ளை ஈ முன்னைவிட வேகமாகத் திரும்பி வரும்.

அதனால்தான், உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும், வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து தெளிப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. தெங்கு பயிர்ச்செய்கைச் சபையும் யாழ்ப்பாணத்தில் இத்தகைய பணிகளை முன்னெடுத்தது. ஆனால் ஒரு வளவைக் கழுவிவிட்டு அடுத்த வளவை விட்டால், சில வாரங்களில் பூச்சி வேலியைத் தாண்டி வந்துவிடும். வெள்ளை ஈக்கு உறுதி எழுதிய காணி எது, எல்லை எது என்று தெரியாது. இது தனியொருவர் தன் காசில் தீர்க்கக்கூடிய பிரச்சினை அல்ல. ஊர் சேர்ந்து தீர்க்க வேண்டியது.

2009இல் நாம் கவனிக்காத ஒரு வெற்றி

இலங்கையிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2008இல் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் பப்பாசி மரங்களில் பஞ்சு அப்பியது போல ஒரு மாவுப்பூச்சி பெருகியது. மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இதுவும் சாறு உறிஞ்சும் பூச்சிதான். பப்பாசியோடு நிற்காமல் மரவள்ளி, செவ்வரத்தை என்றும் பரவியது. அதே ஆண்டில் தமிழகத்தின் கோயம்புத்தூரிலும் இது கண்டறியப்பட்டது. எவ்வளவு மருந்து அடித்தும் மாவுப் படலத்தைத் தாண்ட முடியவில்லை.

தீர்வு ஒரு குளவியின் வடிவில் வந்தது. நுளம்பைவிடச் சிறிய அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வெளியே வரும். புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்க்கப்பட்ட அந்தக் குளவிகள் 2009இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விடப்பட்டன. 2010இல் தமிழகத்திலும் விடப்பட்டன. இரு இடங்களிலும் பூச்சி அடங்கியது. குளவிக்கும் வேலி தெரியாது என்பதே அந்த வெற்றியின் இரகசியம்.

அந்த 2009இல் வன்னி மக்கள் எங்கிருந்தார்கள் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. மெனிக் பாம் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்குப் பப்பாசி ஒரு செய்தியே அல்ல. ஆனால் அந்த அனுபவம் சொல்லும் பாடம் இன்று நமக்குத்தான் அதிகம் தேவை. பூச்சியை அடையாளம் காண ஆய்வாளர் வேண்டும். எதிரியைத் தேடிக் கொண்டுவர அரசு வேண்டும். அது பெருகும் வரை மருந்தடிக்காமல் பொறுக்க ஊர் வேண்டும். மூன்றும் சேர்ந்ததால்தான் பப்பாசி தப்பியது.

யார் கழுவுவது பூட்டிய வளவை?

வடக்கில் இந்த மூன்றும் சேர்வதற்குப் போர் விட்டுச்சென்ற ஒரு தடை இருக்கிறது. நமது ஊர்களில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் பூட்டிக்கிடக்கும் வளவுகள் உண்டு. உரிமையாளர் கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கலாம், போரில் இறந்திருக்கலாம், காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம், உறுதி யார் பெயரில் என்றே தெரியாதிருக்கலாம். வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் வெளியேறிய நிலங்களில் ஒரு பகுதி இன்னமும் இராணுவத்தின் கையில் இருக்கிறது. அங்குள்ள தென்னைகளின் ஓலையைத் திருப்பிப் பார்க்க அவற்றை நட்டவருக்கே அனுமதி இல்லை. எனவே காணி விடுவிப்பு அரசியல் கோரிக்கை மட்டுமல்ல, பயிர்ப் பாதுகாப்புக் கோரிக்கையும்தான்.

இன்னொரு தடை நம்பிக்கையின்மை. 2021 மே மாதம் இரசாயன உரங்களையும் மருந்துகளையும் ஒரே நாளில் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்ட அரசின் செயலை விவசாயிகள் மறக்கவில்லை. மருந்தடிக்காதே என்று இன்று ஓர் அதிகாரி சரியாகவே சொன்னாலும், அது பழைய கதையாகத்தான் காதில் விழுகிறது. ஏன் அடிக்கக் கூடாது என்று வளவில் நின்று ஓலையைத் திருப்பிக் காட்டிச் சொல்ல ஆள் வேண்டும். வெள்ளை ஈ தானாக வெளியேறிய கூட்டில் பிளவு போன்ற வெடிப்பு இருக்கும். குளவி தின்று வெளியேறிய கூட்டில் வட்டமான சிறு துளை இருக்கும். ஒரு கைவில்லையும் பத்து நிமிடமும் இருந்தால் எந்த விவசாயப் போதனாசிரியரும் இதைக் காட்டலாம். வட்டத் துளைகள் தெரியும் வளவில் மருந்தடிப்பது நமக்கு உதவும் பூச்சியை நாமே கொல்வதாகும்.

ஆகவே, தெங்கு முக்கோணத்தின் வெற்றியை நட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது. விநியோகிக்கும் முன் ஒவ்வொரு கன்றும் சோதிக்கப்படுகிறதா? பூச்சி ஊர் விட்டு ஊர் போவதற்கு நாற்றுமேடையே சுலபமான வழி. நீர் பீய்ச்சும் இயந்திரம் கிராம அலுவலர் பிரிவு முழுவதற்கும் ஒரே வாரத்தில், பூட்டிய வளவுகளையும் சேர்த்து வருகிறதா? வடக்கின் ஓலைகளில் எந்தக் குளவிகள் இருக்கின்றன என்று லுணுவிலவில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் சேர்ந்து தேடுகின்றனவா? மாகாண சபை இயங்காத நிலையில், இந்தக் கேள்விகளைப் பிரதேச சபைகளிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களிலும்தான் எழுப்ப வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள வளவைப் பார்க்க ஆள் வைத்திருப்பவர்கள், தேங்காய் பிடுங்க அனுமதிப்பது போல ஓலை கழுவவும் அனுமதி கொடுங்கள். படலைத் திறப்பை அயலவரிடம் விட்டுவையுங்கள். உங்கள் தென்னையில் பெருகும் பூச்சி, பக்கத்து வளவில் தனியே பிள்ளைகளை வளர்க்கும் ஒருத்தியின் மரத்துக்குத்தான் அடுத்ததாகப் போகிறது.