விசையும் எழுத்தும்

கள்ளக்குறிச்சி என்னும் பெயரில் எழுத்துக்கள் எத்தனை? ஆரம்பப் பாடசாலைச் சிறுவனும் விரல் மடக்கி, 8 என்று விடை பகர்வான். தமிழ்99 விசைப்பலகையில் அப்பெயரை அடிப்பவனோ 11 முறை விசையழுத்துகின்றான். கணினியோ அதனை 14 குறியெண்களாகச் சேமிக்கின்றது. ஒரு பெயருக்கு மூன்று கணக்குகள் எழுந்தது எங்ஙனம்? நிரல் எழுதும் மாணாக்கர் எதனைக் கொள்ளல் வேண்டும்? இவ்விஷயத்தில் எமது அபிப்பிராயத்தைச் சுருங்கக் கூறுவாம்.

1999-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்ற தமிழ்99 முறையில், ககரத்தின்பின் உகரத்தை அழுத்தினால் ‘கு’ தோன்றும். ளகரத்தை இருமுறை அழுத்தினால் முன்னது தானே புள்ளி பெற்று ‘ள்ள’ ஆகும். யூனிகோட் முறையிலோ புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியெண் உண்டு. ஆதலின் ‘கு’ என்பதற்கு இரண்டு, ‘ள்’ என்பதற்கும் இரண்டு.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு விசை, ஓர் எழுத்து, ஒரு குறியெண். அதனையே பொதுவிதியென நம்பி நிரல் எழுதுவோர் தமிழிற் பிழைபடுவர். பத்துக் குறியெண்களே கொள்ளும் பெயர்க் கட்டத்தில் எட்டெழுத்துப் பெயர் அடங்காது. ‘கள்ளக்குறி’ என்றே நின்றுவிடும். ஒவ்வொரு விசையையும் அழுத்தியவுடன் முடிந்த எழுத்தென எண்ணும் நிரலோ, பின்வந்த விசை முன்னெழுத்திற்குப் புள்ளியிடுவதை அறியாது மயங்கும்.

பரிகாரம் அரிதன்று. விசை அழுத்தப்பட்டது என்னும் செய்தியையும், எழுத்து வந்தது என்னும் செய்தியையும் விண்டோஸ் வேறு வேறாகவே விடுக்கின்றது. குறுக்குவழிக் கட்டளைகளுக்கு முன்னதையும், பெயர் முதலியவற்றிற்குப் பின்னதையும் கொள்க. எழுத்தின் எல்லையைக் காணும் விதிகளை யூனிகோட் அமைப்பே வகுத்துள்ளது, அவற்றால் எண்ணுக. சுட்டுக்குறி ஓரெழுத்தின் நடுவே நில்லாதிருக்கச் செய்க.

“சேமிப்பிடத்தைக் குறியெண்ணாலன்றோ அளத்தல் வேண்டும்?” என்பார் உளர். உள்ளே எங்ஙனமாயினும் அளக்கட்டும். அதற்கேற்ப இடத்தை விரித்து வைப்பது நிரலாளர் கடன். மனிதர்முன் வைக்கும் கட்டம் மனிதர் எண்ணும் எழுத்தையே எண்ணுதல் வேண்டும்.

இஃது அற்ப விஷயமன்று. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. கல்வராயன் மலைவாழ் மக்களின் பெயரும் ஊரும் இன்று கணினியில் ஏறுகின்றன. சான்றிதழில் ஒரு பெயர் குறைந்து நின்றால், அதனைத் திருத்த மலையினின்று இறங்கி அலைபவர் நிரல் எழுதியவர் அல்லர். ஆதலின், மாணாக்க நண்பர்காள், நீவிர் ஆக்கும் நிரலை முதற்கண் நும் ஊர்ப்பெயரால் சோதிப்பீராக!