டெபாசிட் இழந்தவர்களின் வெற்றி

1979-ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டனில் பொதுத் தேர்தல் நடந்தது. ‘தேசிய முன்னணி’ என்ற கட்சி 303 தொகுதிகளில் வேட்பாளர்களை நிறுத்தியது. 303 பேரும் தோற்றார்கள். 303 பேரும் டெபாசிட்டைப் பறிகொடுத்தார்கள். நாடு முழுவதும் பதிவான வாக்குகளில் அக்கட்சி பெற்றது 0.6 சதவீதம். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை.

தேநீர்க் கடைக் கணக்குப்படி அதோடு கதை முடிந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்று சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். ஆனால், பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்து அயல் மண்ணில் அடுப்பு மூட்டிய நாம் அப்படிப் போய்விட முடியாது. அந்த டெபாசிட் இழந்த கட்சியின் கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். 1989-இல் நம் நாட்டில் வி.பி.சிங் தலைமையில் ஆட்சி அமைத்த தேசிய முன்னணிக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு எந்தப் பொருத்தமும் கிடையாது. இது 1967-இல் சில சிறு வலதுசாரிக் குழுக்களை இணைத்துத் தொடங்கப்பட்ட கட்சி. அதன் கொள்கை முழுவதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வெள்ளையர் அல்லாத குடியேறிகளை நாட்டை விட்டு அனுப்பு!

அந்தக் குடியேறிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நுழைந்தவர்களா? இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் வேலைக்கு ஆள் பஞ்சம். லண்டன் போக்குவரத்துத் துறை 1956-இல் மேற்கிந்தியத் தீவான பார்படோசிலேயே ஆள் எடுத்தது. பிராட்போர்டு கம்பளி ஆலைகளில் இரவு ஷிப்டுக்கும், வார்ப்படத் தொழிற்சாலைகளில் கொதிக்கும் இரும்பின் முன்னால் நிற்பதற்கும் இந்தியரும் பாகிஸ்தானியரும் தேவைப்பட்டார்கள். அரசு மருத்துவமனைகளுக்கு நம் நாட்டு மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். வேலை இருந்தவரை ‘வா’ என்றார்கள். ஆலைகள் நலியத் தொடங்கியதும் ‘போ’ என்ற குரல் எழுந்தது.

1972-இல் உகாண்டாவின் இடி அமீன் அங்கிருந்த ஆசியர்களைத் துரத்தினார். அவர்களில் ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் துயரம் தேசிய முன்னணிக்கு அறுவடையாயிற்று. 1973-இல் வெஸ்ட் புரோம்விச் இடைத்தேர்தலில் அதன் வேட்பாளர் 16 சதவீத வாக்கு வாங்கினார். 1977-இல் லண்டன் மாநகரத் தேர்தலில் ஏறத்தாழ 1,19,000 பேர் அதற்கு வாக்களித்தார்கள்.

வாக்களித்தவர்கள் எல்லாரும் கொடியவர்களா? அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. அவர்களில் பலர் ஆலை மூடியதால் வேலை இழந்தவர்கள். நகராட்சி வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். அவர்களுடைய குறை உண்மையானது. ஆனால் அந்தக் குறைக்குத் தவறான விலாசம் எழுதிக் கொடுத்தது இந்தக் கட்சி. ஆலையை மூடிய முதலாளியிடம் போகவேண்டிய மனு, அடுத்த வீட்டு வங்காளியின் சன்னல் கண்ணாடியில் கல்லாகப் போய் விழுந்தது.

கல்லோடு நின்றதா? 1978 மே 4-ஆம் தேதி. உள்ளாட்சித் தேர்தல் நாள். கிழக்கு லண்டனில் வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற வங்கதேசத் தையல் தொழிலாளி நடுத்தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் பதின்வயதுப் பையன்கள். கையில் கட்சி அட்டை இருக்கவேண்டியதில்லை. காதில் ஓயாமல் விழுந்த முழக்கம் போதும். பத்து நாள் கழித்து அவருடைய சவப்பெட்டியின் பின்னால் சுமார் 7,000 பேர் பிரதமர் இல்லம் வரை நடந்தார்கள். அவர் விழுந்த இடத்தருகே உள்ள பூங்கா 1998 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி, பஞ்சாபியர் நிறைந்த சவுத்ஹால் நகர மண்டபத்தில் தேசிய முன்னணி தேர்தல் கூட்டம் நடத்தியது. எதிர்த்து ஊரே திரண்டது. அந்தக் கூட்டத்தில் நின்ற பிளேர் பீச் என்ற வெள்ளைக்கார ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அடித்தது பெரும்பாலும் ஒரு போலீஸ்காரராகவே இருக்கவேண்டும் என்று போலீசின் சொந்த விசாரணை அறிக்கை சொல்லியிருந்தது. அந்த அறிக்கையை வெளியிட 2010 வரை, 31 ஆண்டுகள் பிடித்தன.

இனி தலைப்புக்கு வருவோம். தோற்ற கட்சிக்கு ஏது வெற்றி?

1978 ஜனவரியில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சியில் பேசினார். வேற்றுப் பண்பாட்டு மக்களால் தாங்கள் மூழ்கடிக்கப்பட்டுவிடுவோமோ என்று நாட்டு மக்கள் அஞ்சுகிறார்கள் என்றார். தெருமுனையில் கத்தப்பட்ட பேச்சு, பட்டுத் துணி போர்த்திக்கொண்டு நடுவீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அடுத்த தேர்தலில் தேசிய முன்னணிக்குப் போகவேண்டிய வாக்குகளில் பெரும்பகுதி அவர் கட்சிக்குப் போயிற்று. 1981-இல் அவரது அரசு புதிய குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன் மண்ணில் பிறந்த குழந்தை எல்லாம் பிரிட்டிஷ் குடிமகன் என்ற பழைய விதி அதோடு போயிற்று. தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் ஒரு நாற்காலி கூடப் பிடிக்கவில்லை. ஆனால் நாற்காலியில் இருந்தவர்களின் நாக்கில் இடம் பிடித்தது. சிறிய கட்சியின் வாக்கை மட்டும் எண்ணுகிறவன் ஏமாந்துபோவான். அதன் வார்த்தை யார் யார் வாய்க்குப் போகிறது என்பதையும் எண்ணவேண்டும்.

அப்படியானால் அந்த நஞ்சுக்கு மருந்தே இல்லையா? இருந்தது. லண்டன் துறைமுகத் தொழிலாளரைப் பாருங்கள். 1968-இல் ஈனாக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிராகத் தீப்பறக்கப் பேசியபோது, அவரை ஆதரித்து வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போனவர்கள் இந்தத் துறைமுகத் தொழிலாளர்கள்தான். 1976-இல் வடமேற்கு லண்டனில், கிரன்விக் என்ற புகைப்படக் கழுவு நிறுவனத்தில், குஜராத்திப் பெண் ஜெயாபென் தேசாய் தலைமையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சேலை கட்டிய பெண்கள் தொழிற்சாலை வாசலில் நின்றார்கள். 1977 ஜூலையில் அவர்களுக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது அங்கே துறைமுகத் தொழிலாளரின் பதாகையும் வந்தது. உள்ளூர்த் தபால் ஊழியர்கள் அந்த நிறுவனத்தின் தபால்களைத் தொட மறுத்தார்கள்.

1978-இல் அந்த வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது, உண்மையை மறைக்கவேண்டாம். ஆனால் ஒன்பதே ஆண்டுகளில் ஒரே துறைமுகம் எதிர்ப் பக்கத்திலிருந்து நம் பக்கத்துக்கு வந்து நின்றது. மந்திரத்தால் வரவில்லை. ஒரே தொழிற்சங்கத்தில் சந்தா கட்டியதால், ஒரே வாசலில் மழையில் நனைந்ததால் வந்தது.

இன்னொரு மருந்து வாக்குச்சீட்டு. தேசிய முன்னணியிலிருந்து பிரிந்தவர்கள் 1982-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசியக் கட்சி, 1993-இல் கிழக்கு லண்டனின் மில்வால் வட்டத்தில் 7 வாக்கு வித்தியாசத்தில் ஒரு நகராட்சி இடத்தைப் பிடித்தது. ஏழே வாக்கு! வாக்களிக்காமல் வீட்டில் இருந்த ஏழெட்டுப் பேர் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். மறு மே மாதத் தேர்தலில் மக்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்த உறுப்பினருக்கு வாக்கு முன்பைவிடக் கூடியது, ஆனாலும் தோற்றார். ஏனென்றால் மற்றவர்கள் இம்முறை வீட்டில் உட்காரவில்லை.

தோழர்களே, இந்தக் கதை நமக்கு அந்நியமா? தேசிய முன்னணி பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1966-இல், இந்தப் பம்பாயில் ‘மண்ணின் மைந்தர்’ முழக்கம் எழுந்தது. தென்னாட்டார் பெயர்ப் பட்டியல்கள் பத்திரிகையில் அச்சேறின. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. அந்த நாட்களை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அன்று நமக்கு எதிராகச் சொல்லப்பட்டதும் இதே வாக்கியம்தான்: உன் வேலையை அவன் பறிக்கிறான்.

ஆனால் கசப்பான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். திருப்பூரிலும் சென்னையிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். “எல்லா இடத்திலும் வடக்கத்தியானே நிற்கிறான்” என்று நம் சொந்தக்காரர் ஒருவர் சலித்துக்கொள்கிறார். நாமும் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். தாராவியில் நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டபோது நெஞ்சில் குத்திய அதே சொல், சொந்த ஊரில் நம் வாயிலிருந்து வரும்போது மட்டும் இனிக்கிறதா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவின. பொய்தான். ஆனாலும் பலர் பயந்து மூட்டை கட்டினார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. நம் தந்தையர்க்குத் தெரிந்த பயம் அது.

எனவே மூன்று வேலைகள். இருக்கும் ஊரில் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம். வேலை செய்யும் இடத்தில் மராத்தியரும் பீகாரியும் இருக்கும் சங்கத்தில் நாமும் இருப்போம். தமிழருக்கென்று தனியாக ஒதுங்கவேண்டாம். அடுத்த முறை ஊரில் ஒருவர் ‘வடக்கத்தியான்’ என்று தொடங்கினால், தலையாட்டாமல், “நானும் ஒரு ஊருக்குப் போய்ப் பிழைத்தவன்தான், மாமா” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வோம்.

லண்டனில் பிரிக் லேன் தெருமுனையில் 1743-இல் கட்டிய ஒரு கட்டடம் உண்டு. பிரான்சிலிருந்து தஞ்சம் புகுந்த கிறிஸ்தவர்கள் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். பின்னால் வந்த யூதர்கள் அதை ஜெப ஆலயமாக்கினார்கள். 1976 முதல் அது வங்கதேசத்தவரின் பள்ளிவாசல். வந்தவர் ஒவ்வொருவரையும் பார்த்து ‘போ’ என்று கத்தியவர்கள் அந்தத் தெருவில் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். கட்டடம் நிற்கிறது. வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே நகரத்தில் வாழ்கிறார்கள்.