மணல் நிலத்தில் நீர்ப்பம்பியும் புவிக்கம்பியும்

குருக்கள்மடத்தில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றரையில் காய்கறி செய்வோர், துலாவை விடுத்து மின் நீர்ப்பம்பியால் கிணற்று நீரை இறைக்கின்றனர். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே பம்பி உதவுவது நன்றே. ஆனால் பம்பி வாங்கும்போது அதன் குதிரைவலுவைக் கேட்போர், பச்சையும் மஞ்சளுமான அதன் கம்பி எங்கே சென்று முடிகின்றது என்று கேட்பதில்லை.

சில வீடுகளில் அக்கம்பி வெட்டப்பட்டே கிடக்கின்றது. மூன்று துளையுள்ள குதையின் மேற்றுளையைக் குச்சியால் அழுத்தி, இரு முனைச் செருகியைப் புகுத்தும் வழக்கமும் உண்டு. அம்மேற்றுளை புவிக்கம்பிக்கு உரியது. மோட்டாரின் உட்கம்பி கருகி மின்சாரம் இரும்புக் கூட்டில் ஏறுமாயின், அதனை நிலத்துக்குக் கொண்டுசெல்ல அமைந்த வழி அதுவே. அவ்வழி இல்லாதவிடத்து, ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நின்று பம்பியைத் தொடுபவரின் உடலே வழியாகும்.

கம்பி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. உலர்ந்த மணல் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. மார்கழி மழையில் நட்ட குறுங்கோல் அப்போது நன்கு பயன்படும். ஆனி, ஆடியில் மேல்மணல் காய்ந்தபின் அது பெயரளவுக்கே கோல். பம்பி மிகுதியாக ஓடுவதும் அம்மாதங்களிலேதான்! ஆதலின் கோடையிலும் ஈரம் வற்றாத மணலை எட்டுமாறு கோல் ஆழமாக இறங்குதல் வேண்டும். கோடையில் கிணற்று நீர் எத்தனை அடி கீழே நிற்கும் என்பதை மின்வேலையாளைக் காட்டிலும் கமக்காரரே அறிவர். அதனை அவருக்குச் சொல்லுதல் வேண்டும். படுவான்கரை வயலின் களிமண் ஈரம் காப்பது. அங்கே போதுமான கோல் இங்கே போதாது. கோலைச் சுற்றி உப்பிடுவதும் மணலில் நிலையாது. அடுத்த மழை அதைக் கழுவிவிடும், இரும்பாயின் அரித்தும்விடும். செப்புப் பூசிய கோலே தக்கது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. கோலின் தடை 100 ஓம் எனில் நிலத்துட் செல்வது 2.3 அம்பியர் மட்டுமே. 13 அம்பியர் உருகி அதற்கு உருகாது. பம்பியின் கூடு மின்னேறியபடியே இருக்கும். 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்சு இதன் பொருட்டே வேண்டப்படுகின்றது. 2.3 அம்பியர் அதனினும் எழுபது மடங்குக்கு மேலாதலின், அது உடனே விழும். சுவிட்சு உண்டு, கோல் எதற்கு என்பாரும் உளர். புவிக்கம்பி இல்லையேல் ஒருவர் தொடும் வரை அச்சுவிட்சு கசிவை அறியாது. அவர் உடலில் மின்சாரம் பாய்ந்த பின்னரே விழும்.

அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தல் நன்று. எனினும் அப்பொத்தான் சுவிட்சைச் சோதிக்குமேயன்றி, மண்ணிற் புதைந்த கோலைச் சோதிக்காது. கோலின் தடையை அளக்கும் கருவியுடைய மின்வேலையாளை ஆடி மாதத்தில் அழைத்தல் வேண்டும். மாரியில் அளந்த அளவு கோடைக்குச் சான்றாகாது. அளக்கும் வரை, பம்பியைத் தொடுமுன் செருகியைக் குதையிலிருந்து கழற்றிவிடுக.