கேள்விப்பட்டது சாட்சியமாகுமா?

2018-ஆம் வருஷம் மே மாதம் 9-ந் தேதியன்று, ஆரணிக்கு அடுத்த போளூர்ப் பக்கத்து அத்திமூர் கிராமத்தில், குலதெய்வத்தைத் தரிசிக்கச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தாரை ஜனக்கூட்டம் சூழ்ந்து தாக்கியது. அறுபது வயது கடந்த மூதாட்டியொருவர் உயிரிழந்தார். வழி விசாரிக்க நின்ற இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அந்த அம்மையார் செய்த குற்றம். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திறங்கியிருப்பதாக வாட்ஸாப் செய்தியொன்று அதற்கு முன்பே நமது ஜில்லாக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. வடநாட்டாரைத் தேடிப் புறப்பட்ட கோபம் தமிழ்க் குடும்பத்தின்மேல் விழுந்தது!

தாக்கினவர்களை மூடர் என்றோ கொடியர் என்றோ தள்ளிவிட்டு நாம் சும்மாயிருக்க முடியாது. அச்செய்தியை அவர்களுக்கு அனுப்பியவர் யார்? மைத்துனன், உடன் படித்த தோழன், தெருக்காரன். அந்நியன் சொன்னால் ஐயுறுபவன், சொந்தக்காரன் பெயரோடு வந்ததை ஐயுறுவதில்லை. காலையில் தான் அனுப்பியதே மாலையில் வேறொருவர் மூலம் திரும்பி வரும்போது, "பார், அவருக்கும் தெரிந்திருக்கிறது" என்று எண்ணுகிறான். கிணற்றடியில் நின்று கூவியவன் தன் குரலையே பதிலாகக் கேட்கிற கதைதான். பத்துப் பேர் சொன்னதாக நினைக்கிறான், கண்டவர் ஒருவருமில்லை.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இது புதிதன்று. கண்டவனே வந்து கண்டதைச் சொல்லவேண்டும் என்பது 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வேறு சட்டம் அமலிலிருந்தும் அவ்விதி மாறவில்லை. பத்து ரூபாய் வழக்குக்கும் தேவைப்படும் இந்த ஜாக்கிரதை, ஓர் உயிரைப் பறிக்கும்போது வேண்டாமா?

படத்தைக் கண்ணால் கண்டோமே என்பார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்லும் படம் 2018-இல் இந்தியாவெங்கும் பரவியது. அது கராச்சி நகரில், குழந்தைகளைக் காப்பதற்காகப் பாடுபடும் ஒரு தர்ம ஸ்தாபனம் எச்சரிக்கைக்காக எடுத்த நாடகம். குழந்தையைத் திருப்பி விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை எவனோ வெட்டியெறிந்துவிட்டான். வெட்டிய துண்டே நாடெங்கும் உலாவியது.

ஐந்து வருஷம் கழித்து அம்பு நம்மை நோக்கித் திரும்பிற்று. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீஹார்த் தொழிலாளரைத் தேடிக் கொல்லுகிறார்கள் என்ற பொய் வடக்கே பரவியது. வேறு சண்டைகளின் காட்சிகள் அதற்குச் சாட்சியாகக் காட்டப்பட்டன. திருப்பூர்த் தொழிலாளர் கலங்கினர். பீஹார் சர்க்கார் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. தமிழன் கொலைகாரனா என்று நாம் கொதித்தோம், நியாயமே. ஆனால் அத்திமூருக்கு முன், வடநாட்டான் பிள்ளை பிடிப்பவன் என்று வந்த செய்தியை நம்மில் எத்தனை பேர் கையால் மேலே தள்ளினோம்? அவர்கள் வட்டத்தில் நாம் பூச்சாண்டி. நம் வட்டத்தில் அவர்கள்.

பரிகாரம் என்ன? ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்குமேல் அனுப்ப இயலாதபடி 2018 ஜூலையில் வாட்ஸாப் கம்பெனி இந்தியாவில் கட்டுப்பாடு செய்தது. வேகம் குறையலாம், விவேகம் அதனால் வராது. சர்க்காரே உண்மை பொய் தீர்மானிக்கட்டும் என்பாரும் உண்டு. சர்க்காரைப் பற்றிய செய்தியை யார் தீர்மானிப்பது? 2023-இல் மத்திய சர்க்கார் விதித்த அத்தகைய ஏற்பாட்டை 2024 செப்டம்பரில் பம்பாய் ஹைகோர்ட் தள்ளிவிட்டது நன்றே. பத்திரிகையில் அச்சிடுவோன் பெயரும் வெளியிடுவோன் பெயரும் உண்டு. பொய்யெழுதினால் எம்மைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். தலையும் வாலும் இல்லாத வாட்ஸாப் செய்தியில் யாரை இழுப்பது? ஆகவே படிப்பவனே பரிசோதகனாக வேண்டும். கேரளத்துக் கண்ணூர் ஜில்லாவில் 2018-இல் சர்க்கார்ப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைப் பிரித்தறியும் பாடம் நடத்தினார்கள். கலெக்டர் ஒருவர் மனம்வைத்து நடந்த காரியம் அது.

நமது ஆரணி நெசவாளிக்கு இவ்வித்தை புதிதா? நூலைக் கொளுத்தி முகர்ந்து, மயிர் கருகிய வாசனை வந்தால்தான் பட்டு என்று ஒப்புகிறான். ஜரிகையை உரைத்துப் பார்க்கிறான். விற்பவன் மாமனானாலும் உரைக்காமல் விடுவதில்லை. அந்தக் கையே செல்போனை எடுத்தவுடன் ஏன் தளர்ந்துபோகிறது? வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது, யார் கண்டது, எங்கே, என்றைக்கு என்ற மூன்று கேள்விகளையும் கேட்கப் பழக்கும் வகுப்பு வாரத்துக்கு ஒன்றாவது நமது ஜில்லாப் பள்ளிகளில் நடைபெறவேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு இதை நடத்த முன்வரவேண்டுமென்று கோருகிறோம்.